சைட்டை நடத்த ஓர் ஆளை வளர்த்தெடுப்பது எப்படி? சிறு கட்டட ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சார், ஜல்லி லோடு வந்திருக்கு. எங்க கொட்டச் சொல்றதுங்க?"

காலை ஏழரை மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால், அந்த சைட்டில் வேலையாட்கள் இருக்கிறார்கள், பொறுப்பாளர் இல்லை என்று அர்த்தம். ஒரே ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கும்வரை நாமே ஓடி ஓடிச் சமாளித்துவிடலாம். இரண்டாவது, மூன்றாவது வேலை கைக்கு வந்ததும் எந்த சைட்டில் நிற்கிறோமோ அங்கே மட்டும்தான் வேலை ஒழுங்காக நடக்கும். மற்ற இடத்தில் கம்பிக்குக் கீழே கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்காது, ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள், சிமெண்ட் மூட்டைக் கணக்கு உதைக்கும்.

நான் கோவைப் பக்கம் வீடுகள் கட்டிக்கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். பெரிய கம்பெனிகளுக்குப் பயிற்சிக் கூடம் உண்டு, அதற்கென்று தனித் துறையே உண்டு. நம் அளவில் தொழில் செய்பவர்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பல வருடம் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் அத்தனை காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட்டு அதிகாரத்தை நம் கையிலேயே வைத்துக்கொண்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் தேற மாட்டார். கீழே உள்ள படிகள் எல்லாமே அதிகாரத்தை எந்த வரிசையில், எவ்வளவு, எந்தத் தாளில் எழுதிக் கொடுப்பது என்பதைப் பற்றியவைதான். ஒரு வீடு அஸ்திவாரத்தில் தொடங்கி பூச்சு முடியும் காலம், ஏறக்குறைய பத்து மாதத்திலிருந்து ஒரு வருடம், இதற்குத் தேவைப்படும். அதைவிடச் சீக்கிரம் எதிர்பார்க்காதீர்கள்.

1. ஆளைத் தேர்ந்தெடுப்பது

பொதுவாக மூன்று பேர் கண்ணில் படுவார்கள்: நீண்ட நாள் நம்மோடு இருக்கும் கொத்தனார், டிப்ளமோ முடித்துவிட்டு வந்த இளைஞர், லேபர் கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் மேஸ்திரியின் ஆள்.

மூன்றாமவரை மட்டும் தொடாதீர்கள். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கும் மேஸ்திரிக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் லாபம். அவருடைய ஆளையே தரம் பார்க்க வைத்தால், சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகத் தகடும் முட்டும்) பிரிக்கும் தேதியிலிருந்து பூச்சின் கனம் வரை எல்லா முடிவும் ஒரு பக்கமாகவே சாயும். அவர் நல்ல மனிதராக இருப்பார். இருக்கும் இடம்தான் சரியில்லை.

கொத்தனாரா டிப்ளமோவா என்றால், படிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் சைட்டில் சும்மா நின்று கவனியுங்கள். சந்தேகம் வந்தால் மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள்? சாயங்காலம் கரணையையும் சட்டியையும் கழுவி எடுத்து வைத்துவிட்டுப் போவது யார்? தப்பு நடந்தால் நமக்குப் போன் செய்து சொல்வது யார், மறுநாள் நாமாகக் கண்டுபிடிக்கும்வரை மூடி வைப்பது யார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். வரைபடம் வாசிக்கச் சொல்லித் தந்துவிடலாம். உள்ளதைச் சொல்லும் குணத்தைச் சொல்லித்தர முடியாது.

இன்னொன்று. நம் தொழிலில் இருபது வருடம் சித்தாளாகவே இருந்துவிட்டுப் போகும் பெண்கள் ஏராளம். கலவை விகிதம், மணலின் தரம், எந்தக் கொத்தனார் எப்படி என்று அத்தனையும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் கரணையை யாரும் கையில் கொடுப்பதில்லை, நோட்டையும் கொடுப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு அக்காவிடம் ஸ்டோர் கணக்கையும் கியூரிங் (கான்கிரீட்டைத் தண்ணீரில் நனைத்து வைப்பது) பொறுப்பையும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் சைட்டில் சிமெண்ட் கணக்கு நேரானது அப்படித்தான். பொறுப்பாளர் தேடும்போது அவர்களையும் பட்டியலில் சேருங்கள். இவ்வளவு காலம் சேர்க்காமல் விட்டது நம் தொழில் அவர்களுக்குச் செய்த அநியாயம்.

2. சம்பளமும் நியமனக் கடிதமும்

பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்திலேயே கவிழ்ந்துவிடுகின்றன. எங்கள் பக்கம் நல்ல கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. மாதம் 24 நாள் வேலை என்றாலே 24,000க்கு மேல் ஆகிறது. அவரை வேலை வாங்க வேண்டிய சூப்பர்வைசருக்கு 15,000 கொடுத்தால், அவர் பேச்சை யார் கேட்பார்கள்? சைட்டில் எல்லாருக்கும் எல்லாருடைய சம்பளமும் தெரியும். கொத்தனாரைப் பொறுப்பாளர் ஆக்கினால், மாத முடிவில் அவர் கையில் நிற்கும் தொகை முன்பைவிடக் குறையவே கூடாது. மழை நாளிலும் சம்பளம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது பெரிய ஈர்ப்பு.

கடிதம் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: மாதச் சம்பளம், சம்பளத் தேதி, வேலை நேரம், எந்த சைட், எதையெல்லாம் உங்களைக் கேட்காமல் முடிவு செய்யலாம், எதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும், கைச்செலவுக்கு எவ்வளவு வரை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி.

கூடவே வாங்கி வைக்க வேண்டியவை: ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை. அட்டை இல்லாவிட்டால் இதைச் சாக்கிட்டே பதிவு செய்ய வையுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, இருபது பேர் ஆனால் பிஎஃப் சேமநிதி என்ற வரம்பும் நினைவிருக்கட்டும். சைட்டுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கும்போது பொறுப்பாளர் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கொத்தனார், சித்தாள் எண்ணிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு மேற்பார்வையாளரை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது.

3. முதல் மாதம்: நோட்டுப் புத்தகம்

முதல் மாதம் யாரையும் அதட்டும் வேலையை அவருக்குக் கொடுக்காதீர்கள். மூன்று நோட்டு மட்டும் கொடுங்கள்: ஆள் வருகை, சிமெண்ட் வரவு செலவு, அன்றாட வேலை அறிக்கை. மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் எழுதி முடித்து, பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் நினைவுபடுத்தி எழுதும் அறிக்கை உதவாது.

அறிக்கை இந்த அளவுக்குச் சுருக்கமாக இருக்கலாம்:

"கொத்தனார் 3, சித்தாள் 4. வடக்குப் படுக்கை அறைச் சுவர் ஜன்னல் மட்டம் வரை முடிந்தது. சிமெண்ட் இருப்பு 42, செலவு 6, மீதி 36. எம் சாண்ட் நாளை மதியம் வரைதான் வரும். எலக்ட்ரீஷியன் வரவில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். நாளைக்கு என்ன தேவை, இன்று எது நின்றது என்று எழுதப் பழகிய நாளிலிருந்து அவர் சைட்டை முன்கூட்டியே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று பொருள். அதற்கு முன் சொல்லிச் சொல்லி எழுத வைக்க வேண்டியிருக்கும். பொறுமையாக இருங்கள்.

4. வரைபடமும் கணக்கும்

கொத்தனாராக இருந்து வந்தவருக்கு இது புதிது. டிப்ளமோக்காரருக்குத் தாளில் தெரியும், தரையில் தெரியாது. இருவருக்கும் ஒரே பாடம்: தூண் குறி போடும் நாளில் டேப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வரும்வரை அவர்களே திருத்தட்டும்.

கம்பி எடைக் கணக்கைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. லோடு இறங்கும்போது கம்பிகளை எண்ணிப் பெருக்கி எடைச் சீட்டோடு ஒப்பிட ஐந்து நிமிடம்தான் ஆகும். கடைக்காரர் முன்னால் நின்று இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டிய சூப்பர்வைசரிடம் அடுத்த லோடில் யாரும் விளையாட மாட்டார்கள்.

5. கான்கிரீட் நாள்

ஒருவர் தலைமை தாங்குகிறாரா, சும்மா நிற்கிறாரா என்பது ரூஃப் கான்கிரீட் போடும் நாளில் தெரிந்துவிடும். அதனால் இந்தப் படியில் அதிக நேரம் செலவிடுங்கள்.

முந்தைய நாள் மாலை அவர் ஒரு சரிபார்ப்புத் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்பி இடைவெளி டேப் வைத்து எடுத்த போட்டோவோடு, கவர் பிளாக், முட்டுகளின் அடியில் பலகை, மின்குழாய், ஃபேன் பெட்டி, குளியலறைப் பள்ளம், படிக்கட்டுக்கு விட வேண்டிய கம்பி. மாற்று வைப்ரேட்டர் (கலவையை அதிர்த்து இறுக்கும் கருவி), டீசல், தார்ப்பாய், இருட்டிவிட்டால் விளக்கு. மறைப்பு அளவுகள் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம்) மனப்பாடமாக இருக்கட்டும்: வெயில் மழை அதிகம் படாத தளத்துக்கு 20 மில்லி, தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. அந்தத் தாளில் கட்டட வடிவமைப்புப் பொறியாளரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் மிக்ஸர் ஓட வேண்டும்.

சிமெண்ட் கணக்கையும் முன்பே போட வையுங்கள். ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் என்றால் சுமார் 12 கன மீட்டர். எம் 20 என்ற பலத் தரக் கலவைக்குக் கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 95 மூட்டை. பீம்களுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வேலை முடிந்து காலிப் பைகளை எண்ணும்போது பதினைந்து, இருபது குறைந்தால் எங்கோ விகிதம் மாறியிருக்கிறது.

இனி முக்கியமான இடம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும், ஆட்கள் களைப்பார்கள். அப்போது மேலே இருந்து குரல் வரும்:

"தம்பி, தண்ணி கொஞ்சம் சேர்த்து உடச் சொல்லுங்க. கலவை இழுக்கவே வரலைங்க."

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456இல் எம் 20 கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் மேல் வரம்பு. மணலில் இருக்கும் ஈரத்தையும் அதில் கழிக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் இழுக்கச் சுகமாக இருக்கும், பலம் போய்விடும். அப்பா வயதுக் கொத்தனாரிடம் ஓர் இளைஞர் இதை எப்படிச் சொல்வார்? நீங்கள் பழக்கியிருந்தால் இப்படிச் சொல்வார்: "முப்பதுக்கு மேல விடறதில்லைங்கண்ணா. வைப்ரேட்டரை உங்க பக்கம் அனுப்பறேன், நாலு பேரை டீக்கு மாத்தி விடறேன்." மறுப்பைச் சொன்ன கையோடு வேலை நடக்க ஒரு வழியையும் கொடுத்துவிட்டார், பாருங்கள். வெறும் மறுப்பு சண்டையில் முடியும், வெறும் இணக்கம் வீட்டுக்காரர் தலையில் விடியும்.

அந்த நேரத்தில் கொத்தனார் உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: "சூப்பர்வைசர் சொன்னா சொன்னதுதாங்க." பொறுப்பாளர் சொன்னதில் உங்களுக்கே மாற்றுக் கருத்து இருந்தாலும், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் ஒருமுறை அவர் வார்த்தையை வெட்டிப் பேசிவிட்டால் அந்த சைட்டில் அவர் கதை முடிந்தது.

வேலையை நிறுத்தும் அதிகாரத்தைக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கவாட்டு முட்டு இல்லாமல் ஆள் இறங்கினால், சாரத்தின் கயிறு தளர்ந்திருந்தால், மின்கம்பி தண்ணீரில் கிடந்தால், உங்களைக் கேட்காமலே அவர் வேலையை நிறுத்தலாம். அரை நாள் கூலி நஷ்டமானாலும் அதற்காக ஒரு சொல் கேட்கக் கூடாது. செப்டிக் டேங்க் குழி சரிந்து உயிர் போன செய்தி வருடம் தவறாமல் வருகிறது. அங்கெல்லாம் "ஏறுங்க மேலே" என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும்.

கான்கிரீட் போட்ட பிறகு அவருக்கு இரண்டு திசையிலிருந்து நெருக்கடி வரும். சென்ட்ரிங்காரர் தகட்டையும் முட்டையும் அடுத்த சைட்டுக்குக் கேட்பார். வீட்டுக்காரர் சீக்கிரம் பிரிக்கச் சொல்வார். ஐஎஸ் 456 கணக்கு: தளத்தின் தாங்கலுக்குத் தாங்கல் தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுகள் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இது ஓபிசி எனும் சாதாரண சிமெண்டுக்கான கணக்கு. நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் பிபிசி எனும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். பிரிக்கும் தேதியைச் சுண்ணாம்பில் தூணிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். அப்புறம் விவாதம் வராது.

க்யூப் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுப்பதும் அவர் பொறுப்பே. 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று க்யூப். 28ஆம் நாள் முடிவு அவர் கைக்கு வரட்டும், அவரே கொத்தனார்களுக்குக் காட்டட்டும். கியூரிங் ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள், பிபிசிக்கு 10 நாள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினாலும், ஞாயிறன்று யார் வந்து விடுவது என்பதை சனிக்கிழமையே பெயரோடு எழுத வேண்டும்.

6. பணம்

நான்காவது, ஐந்தாவது மாதத்தில் கைச்செலவுப் பணம் கொடுக்க ஆரம்பிக்கலாம். 5,000 ரூபாய், வவுச்சர், வாரம் ஒரு கணக்கு. பில் இல்லாத செலவு வரும்: லோடு இறக்கும் கூலி, டீ, பஞ்சர். அதற்குக் கையெழுத்துச் சீட்டு போதும். ரூபாய்க்கு ரூபாய் துருவாதீர்கள். ஆனால் வாரக் கணக்கை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட விடாதீர்கள்.

சனிக்கிழமைக் கூலியை அவர் கையால் கொடுக்கச் செய்வது அதற்கு அடுத்த கட்டம். இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பணத்தை நீங்கள் தாமதமாக அனுப்பினால், கேட்கிற பேச்சு முழுவதும் அவருக்கு விழும். வாரக் கூலியை வெள்ளி இரவே கொடுத்துவிட முடியும் என்ற நிலை வரும்வரை இந்தப் பொறுப்பை அவரிடம் தராதீர்கள்.

7. ஆட்களோடு பழகுவது

காலையில் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்க வைத்து, இன்று என்ன வேலை, யார் எங்கே, எங்கே ஆபத்து என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் இல்லாத சைட் இன்று குறைவு. அவர்களில் தமிழ் கொஞ்சம் பிடிபட்ட ஒருவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, ஆபத்து பற்றிய செய்தியை அவர்கள் மொழியில் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹோலி, சத் பூஜை, அவர்கள் ஊர்த் தேர்தல் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வைப்பவருக்குத் திடீர் ஆள் தட்டுப்பாடு வராது.

கொத்தனாரைச் சித்தாள் முன்னால் வைத்துத் திட்டாமல் இருப்பது, கழிப்பறையும் குடிதண்ணீரும் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது, இவையும் அவர் வேலை. பெண்கள் வேலை செய்யும் சைட்டில் கழிப்பறை இல்லாவிட்டால் அவர்கள் நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். தற்காலிகமாக ஒன்று அமைப்பதை முதல் வாரச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

8. வெளிப் பயிற்சி

சைட்டில் ஆறு மாதம் ஆன பிறகு அனுப்புங்கள், அப்போதுதான் கேள்விகளோடு போவார். காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையத்தில் கொத்து, கம்பி, சென்ட்ரிங் வேலைகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கான குறுகிய காலப் பயிற்சி அறிவிப்புகளை மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்பிஎல் முறை, பள்ளிப் படிப்பை நிறுத்திய கொத்தனார்களுக்கு ரொம்பவே உதவும். டிப்ளமோக்காரர் என்றால் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடிஇஎல் இணைய வகுப்புகள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். முதலுதவிப் பயிற்சியை மட்டும் எவருக்கும் விட்டுவிடாதீர்கள்.

காலம்: ஆடி மாதத்தில் புது வேலை பூஜை போட மாட்டார்கள், ஐப்பசி கார்த்திகையில் மழை. இந்த இரண்டு இடைவெளிகளில் அனுப்பினால் சைட் பாதிக்காது. பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

9. கையை விடுவது, பிறகு வழியனுப்புவது

பூச்சு வேலை ஓடும் கட்டத்தில் ஒரு வாரம் அந்த சைட்டுக்குப் போகாமல் இருங்கள். போனும் நீங்களாகச் செய்யாதீர்கள், மாலை அறிக்கை மட்டும் வரட்டும். வார முடிவில் போய், அறிக்கையில் எழுதியதும் தரையில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் அடுத்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்தே அவர் பெயரில் தொடங்கலாம். சம்பள உயர்வை அன்றைக்கே சொல்லுங்கள், தீபாவளி வரை தள்ளாதீர்கள். அவருக்குக் கீழே ஒருவரைப் பழக்கச் சொல்லி, அதே மூன்று நோட்டைக் கொடுப்பதும் இப்போதுதான்.

இப்படித் தேறிய ஆளைப் பெரிய கம்பெனி ஒன்று கூப்பிடும், அல்லது அவரே தனியாகத் தொழில் தொடங்குவார். தடுக்காதீர்கள். ஒரு மாத முன்னறிவிப்பைக் கடிதத்திலேயே எழுதி வைத்திருந்தால் போதும். அந்த மாதத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை: நோட்டுகள், க்யூப் சோதனை முடிவுகள், ஸ்டோர் சாவி, ஹார்டுவேர் கடையிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் பாக்கிப் பட்டியல், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு, மூடிய சுவருக்குள் போகும் மின்குழாய், தண்ணீர்க் குழாய்களின் போட்டோக்கள். அனுபவச் சான்றிதழில் எத்தனை சதுர அடி, எத்தனை மாடி, என்னென்ன பொறுப்பு என்று விவரமாக எழுதி, கடைசி நாள் சம்பளத்தோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.